மாற்று வேட்பாளர்

சாப்பாட்டு மேசை மேல் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, மண்டபம் ஊரில் அடுத்த வாரம் திறக்கப்போகும் எங்கள் இரண்டாவது கடைக்கான நோட்டீஸ். அதில் என் கணவரைப் பற்றி மூன்று வரி எழுதி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியது என் வேலை. இன்னொன்று, வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனு. அவர் நிற்கிறார். அவருடைய மனுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று, மாற்று வேட்பாளராக நானும் ஒரு மனு போட வேண்டுமாம். என் பெயர், வயது, கணவர் பெயர் எல்லாவற்றையும் அவரே நிரப்பிவிட்டார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

"சும்மா ஒரு கையெழுத்துதான். போன தடவ போட்டதுதான?" என்றார்.

போன தடவை போட்டதுதான். அதனால்தான் மூன்று நாளாக அந்தத் தாளின் மேல் சர்க்கரை டப்பாவை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீஸுக்கான மூன்று வரிகளும் எனக்கு மனப்பாடம். கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, ரத்த தான முகாம் என்று எந்த அழைப்பிதழானாலும் அவர் பெயருக்குக் கீழே அவைதான் வரும். தொழிலதிபர், சமூக ஆர்வலர், சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராகக் களம் கண்டவர். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. களம் கண்டார்தான். ஆனால் ஓட்டு மெஷினில் இருந்தது என் பெயர்.

எங்கள் முதல் கடை ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கிறது. தண்ணீர் மோட்டார், டீசல் இன்ஜின், பிளாஸ்டிக் குழாய் விற்கிறோம். பெரிய கண்மாய் நிறைந்த வருடம் கடையில் கூட்டம் இருக்காது. காய்ந்த வருடம் இருக்கும். அப்படிப்பட்ட வியாபாரி, கண்மாய் மடைகளைச் சரிசெய், வரத்துக்காலைத் தூர்வாரு என்று மனுக் கொடுக்கப் புறப்பட்டபோது ஊரே சிரித்தது.

"என்ன மாப்ள, கண்மா பெருகிருச்சுன்னா ஒன் மோட்டார யாரு வாங்குவா? கடைல ஒக்காந்து ஈ ஓட்டப் போறியா?"

"ஈ ஓட்டுறதுக்கும் ஒரு மோட்டார் வரும் மாமா. அதயும் நாந்தான் விப்பேன்" என்பார் இவர்.

இவரை இதில் இழுத்துவிட்டவர் ஒரு பெரியவர். வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் அவருக்கு நிலம். ஒரு நாள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்து, "மோட்டாரு இங்கன இருக்கு. தண்ணிய எந்தக் கடைலப்பா விக்கிறாய்ங்க?" என்று கேட்டாராம். அதை இவர் வீட்டில் சொல்லிச் சிரித்தார். அன்று சாப்பிடும்போது மறுபடி சொன்னார். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. அதற்கப்புறம் கலெக்டர் ஆபீஸ், மறியல், உண்ணாவிரதம் என்று வருடங்கள் ஓடின. ஒரு மடையை ஊராரே சேர்ந்து கட்டினார்கள். மற்ற மடைகளுக்கு மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன.

"குடுத்த மனுவை எல்லாம் அடுக்குனா ஓட்ட மடைய அதவச்சே அடச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு காலையில், நான் கால்களை நீட்டி மகளைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். நான் "சரிங்க" என்றேன். யோசித்துச் சொன்ன சரி இல்லை. குழந்தையின் கண்ணில் சோப்பு பட்டுவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்த சொல். வேறு நேரத்தில் கேட்டிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

மனுவோடு சேர்க்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, நோட்டரி வக்கீல்தான் மாற்று வேட்பாளர் யோசனையைச் சொன்னார். "எல்லாரும் வீட்டம்மாவத்தான் போட்டு வப்பாக. ஒங்க மனு நின்னுருச்சுன்னா அம்மா வாபஸ் வாங்கிரும். வாங்குன பூட்டுக்கு ரெண்டாவது சாவி மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் கிடைக்கும் தாளை எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிடுவேன். மருந்துச் சீட்டைக்கூட விடமாட்டேன். மனுவோடு கொடுத்த அறிவுரைக் கையேட்டையும் மகளுக்குப் பால் கொடுத்தபடி இரண்டு நாளில் படித்து முடித்தேன். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்துப் பேரில் யாராவது கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைத்தால், அதை அதிகாரி முன்னால் வைத்து, அவர் சான்று போட வேண்டும். இதையும் படித்தேன். படித்த நினைவு எனக்கு நன்றாகவே இருக்கிறது.

பஞ்சாங்கம் பார்த்து என் மாமியார் குறித்துக் கொடுத்த நல்ல நாள், மனு போடுவதற்கான கடைசி நாளாக இருந்தது. அன்று காலை பத்துப் பேரும் கடைக்கு வந்தார்கள். மோட்டார் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வெள்ளைத் துண்டு விரித்து, மனுவை வைத்திருந்தார்கள். முதல் கையெழுத்து கடைமடைப் பெரியவருக்கு என்று இவர் சொல்லியிருந்தார். பெரியவர் வெளுத்த சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார். பேனாவை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

"பேனா எதுக்குய்யா? மை டப்பாவ எடு."

"ஒங்களுக்குத்தான் கையெழுத்துப் போட வருமே பெரியப்பா" என்றார் இவர்.

"வரும்லே. போஸ்ட்மேன் வந்தா கையெழுத்துப் போடுவேன். ரேஷன் கடைல போடுவேன். காணி எழுதுறப்ப எதை வச்சேன்? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல படிச்சவன் படிக்காதவன் எல்லாரும் வெரலத்தான வைக்கிறாய்ங்க? ஒன்னய நம்பி நாங்க எங்க காணியவே எழுதித் தாரோம். அதுக்குப் பேனா பத்தாது."

இவர் கண் கலங்கிவிட்டது. ரசீதில் முத்திரை குத்த வைத்திருந்த மை டப்பாவைத் திறந்து, பெரியவர் தன் பெருவிரலை அழுத்தி, மனுவில் நிதானமாக உருட்டி எடுத்தார். கோடு கோடாக, ஒரு கோடு கூடக் கலையாமல் விழுந்தது. மற்ற ஒன்பது பேரும் பேனாவால் போட்டார்கள்.

நான் உள்ளறை வாசலில் குழந்தையோடு நின்றிருந்தேன். கையேட்டில் படித்தது நினைவுக்கு வந்தது. "என்னங்க, அந்த ரேகை..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?" என்று இவர் திரும்பினார். பத்துப் பேரும் திரும்பினார்கள். பெரியவர் மைபட்ட விரலை மற்ற விரல்களில் படாமல் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் படித்தது முன்மொழிகிறவருக்கா, வேட்பாளருக்கா? சரியாகத்தான் படித்தேனா? இத்தனை ஆண்கள் நடுவில், கண் கலங்கி நிற்கிற நேரத்தில், அந்த விரல் செல்லாது என்று எப்படிச் சொல்வது? தவறாக இருந்துவிட்டால்?

"ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் டீ போடவா?" என்றேன்.

அடுத்து என் மனு வந்தது. பெரியவரே பேனாவைக் கேட்டு வாங்கினார். "இது மாத்துக்குத்தான தாயி? இதுக்குக் கையெழுத்துப் போதும்" என்று பெயரைத் தெளிவாக எழுதினார்.

ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம் என்றாலும், நேரம் இல்லை என்று ஆளுக்கு ஒரே ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் பரிசீலனை. அதிகாரி இவர் மனுவைக் கையில் எடுத்து, முதல் பெயரிலேயே நின்றுவிட்டார். சான்று இல்லாத ரேகை கணக்கில் வராது, அதை விட்டால் ஒன்பது பேர்தான், ஏற்க முடியாது என்றார். இவர் எழுந்து, "சார், அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வெளியதான் நிக்கிறாரு. இப்பவே கூட்டியாரேன்" என்றார். அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். "தெரிஞ்சவருன்னா அன்னைக்கே போட்டிருக்கணும்ங்க. நேத்து மூணு மணியோட முடிஞ்சிருச்சு."

அடுத்த மனு என்னுடையது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஏற்கப்படுகிறது என்று வாசித்தார். பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் யாரோ கை தட்டினார்கள். குழந்தையை வீட்டில் விட்டு வந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றிருந்தேன். கை தட்டினால் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. முந்தானையை விட முடியாததால் கும்பிடவில்லை.

வாபஸ் வாங்க இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் என்னிடம் யாரும், நிற்கிறாயா என்று கேட்கவில்லை. வீடு முழுக்க ஆட்கள். ஃபிளெக்ஸ் எல்லாம் இவர் படத்தோடு ஏற்கெனவே அடித்து வந்துவிட்டதால், இவர் பெயரின் மேல் ஒட்ட என் பெயரை ஸ்டிக்கராக அடிக்கச் சொல்லிவிட்டார்கள். என் மாமியார் குழந்தைக்கு ராகிக் கூழ் காய்ச்சிப் பழக்க ஆரம்பித்தார். "நீ அலையிற காலத்துல பிள்ள ஏங்கிப்போயிரக் கூடாதுல்ல?" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நான் வேலை பார்த்த பள்ளியின் தாளாளர் போன் செய்தார். பிரசவ விடுப்பு முடிந்து ஜூனில் நான் திரும்ப வேண்டும். "எல்லாக் கட்சிக்காரங்க பிள்ளைங்களும் படிக்கிற ஸ்கூலும்மா. நீங்க வாபஸ் வாங்கிருவீங்கல்ல?" என்றார். பிறகு அபிராமத்தில் என் பிறந்த வீட்டிலிருந்து எங்கள் அய்யா பேசினார். "ஒனக்கு முடியலன்னா வாபஸ் வாங்கிட்டு இங்கன வந்துருத்தா. நான் இருக்கேன்." எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதற்குள் அவரே, "மாப்பிள்ள மனசு நோகாமப் பாத்துக்க" என்றும் சொல்லிவிட்டார்.

இவர் அந்த இரண்டு நாளும் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "ஒன் இஷ்டந்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வாபஸ் படிவத்தை நானே வாங்கி நிரப்பினேன். கடைசி நாள், மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போனோம். இவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் குழந்தையோடு இறங்கினேன். வேப்பமரத்தடியில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். வலது கையைத் தோள் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார். அடிபட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

"வாபஸ் வாங்கத்தான வந்திருக்க? வாங்கிரு தாயி. பச்சப்பிள்ளக்காரி, ஒன்னய எதுக்குத் தெருத்தெருவா இழுக்கணும்? கூறுகெட்ட பய நாஞ் செஞ்ச வேல. இத்தன வருசம் ஒம் புருசன் அலஞ்சத ஒத்த வெரல வச்சு அழிச்சுப்புட்டேன். ஊர்ல தல நிமிர முடியல."

"ஒங்க தப்பு இல்ல பெரியப்பா" என்றேன்.

"பெறகு யாரு தப்பு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லவிடாமல் தடுக்க அங்கே வேறு ஆள் யாரும் இல்லை. அவர் மட்டும்தான் நின்றார். ஆனாலும் அதைச் சொல்லாமலே உள்ளே போய் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். படிவம் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால், அவர்கள் அலைந்தது முழுக்க என்னோடு முடியும், பழி அந்த விரலுக்குப் போகும். போடாவிட்டால் வேலை போகும், மகள் கூழ் குடிக்கப் பழகுவாள். நான் அன்று வாயைத் திறந்து ஒரு வாக்கியத்தை முடித்திருந்தால் இரண்டுமே இல்லை. மகள் மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டே என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு அலுவலர் எட்டிப் பார்த்து, "நேரம் முடியப்போகுதும்மா, நீங்க எதுவும் குடுக்கணுமா?" என்றார்.

"பிள்ளைக்குப் பால் குடுக்க ஒக்காந்தேன் சார்" என்றேன்.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

அப்படித்தான் நான் வேட்பாளரானேன். இஸ்திரிப் பெட்டிச் சின்னம். திறந்த வேனில் முன்னால் நான் கும்பிட்டபடி நிற்க, இவர் மைக்கில் பேசுவார். கடற்கரை ஊர்களில் காற்று அதிகம். ஃபிளெக்ஸில் ஒட்டிய ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்து, என் பெயர் படபடவென்று அடிக்க, அடியில் இவர் பெயர் தெரியும். ஓர் ஊரில், மணலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து கேட்டாள்.

"நிக்கிறது நீயா, அவரா?"

"நாந்தான்க்கா."

"பெறகு அவரு ஏன் பேசுறாரு?"

"எனக்குப் பேச வராதுக்கா."

"பேச வராதவ எதுக்கு நிக்கிற?" என்றாள். பிறகு என் ஜாக்கெட்டைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது. "கைப்பிள்ளயா? எறங்கு. கொட்டாய்க்குள்ள வா, பீச்சி விடு. காய்ச்சல் வந்துரும்." வலை காயும் கொட்டகைக்குள் அவள் சேலையை மறைப்பாகப் பிடித்து நிற்க, மண்ணில் பாலைப் பீய்ச்சிவிட்டேன். வெளியே மைக்கில் இவர் குரல், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தோற்றோம். பெரியவர் கடைசி நாள் வரை வேனுக்கு முன்னால் நடந்து வந்தார். பிரச்சாரம் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது மகள் என்னிடம் பால் குடிக்க மறுத்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கூழ்க் கிண்ணத்தைக் காட்டினாள். தாளாளர், புது டீச்சர் போட்டாச்சு என்றார். இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், கடைக்கான கடிதங்களை டைப் செய்கிறேன். மடைகளில் இரண்டைச் சரிசெய்தார்கள். தேர்தலில் நின்றதால்தான் நடந்தது என்று இவர் சொல்வார். இருக்கலாம். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டில் ஒன்று பெரியவர் வயலுக்குப் போகும் மடை.

இத்தனை நாளும் நான் இவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். நேற்றுக் காலை, இட்லி வைக்கும்போது சொல்லிவிட்டேன். அந்த மனு மேசை மேலேயே கிடந்ததால் இருக்கலாம்.

"அன்னைக்கு ரேகை செல்லாதுன்னு எனக்குத் தெரியுங்க. கையேட்டுல படிச்சேன். சொல்ல வந்து, சொல்லாம விட்டுட்டேன்."

இவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ ஆரம்பிச்சப்பவே புரிஞ்சிருச்சு. வக்கீலும் மொதல்லயே சொல்லியிருந்தாரு. அவ்வளவு சொல்லி வெரல வச்ச மனுசங்கிட்ட, அழிச்சிட்டுப் பேனாவுல போடுங்கன்னு எப்பிடிச் சொல்றது? தப்பிச்சா தப்பிக்கட்டும்னு விட்டேன். இல்லன்னாலும் ஒன் மனு இருந்துச்சே." இன்னொரு இட்லி கேட்டார். "அதப்போயி இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டா இருந்த?"

இட்லியை வைத்தேன். இவர் கெட்டவர் இல்லை. நானும் அன்று அதே காரணத்துக்காகத்தானே சொல்லாமல் விட்டேன்? இரண்டு பேரும் ஒரே விரலைப் பார்த்து ஒரே மாதிரி வாயை மூடியிருக்கிறோம். ஆனால் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தது நான் மட்டும். இவர் காரில் இருந்தார். இறங்கி வந்து, எனக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதனால்தான் இறங்கவில்லையோ? அப்படியெல்லாம் நினைத்திருக்க மாட்டார். நினைத்திருக்கலாம்.

இன்று காலை அச்சகத்துக்கு அவரைப் பற்றிய வரிகளை அனுப்பினேன். சற்று முன் அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா, எப்பவும் போடுற 'வேட்பாளராகக் களம் கண்டவர்' வரி இதுல இல்லயே. விட்டுப்போச்சா? சேத்துறவா?"

இவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது.

"விட்டுப்போகல தம்பி. நான் அனுப்புன மாதிரியே அடிங்க" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. அவர் எழுந்து வரவில்லை. கேட்டிருக்கும்.

சர்க்கரை டப்பா இன்னும் அந்த மனுவின் மேல்தான், கையெழுத்துப் போடாத இடத்தை மறைத்தபடி, இருக்கிறது. நாளை மதியம் மனு போடக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பால் கலக்க டப்பாவை எடுத்தாக வேண்டும்.